மொபைல் நெட்டில் ஆப் இழுக்கிறதா? பிபிஆர், குவிக், கம்ப்ரஷன்: எதில் முதலில் கை வைப்பது

நான் அசடு வழிந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். களத்தில் வேலை செய்பவர்கள் போட்டோ எடுத்து அனுப்பும் ஒரு ஆப். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் ஓடும், கொஞ்சம் தள்ளிப் போனால் அப்லோட் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், புகார் மேல் புகார். அப்போதுதான் பிபிஆர் (டேட்டாவை எவ்வளவு வேகமாக அனுப்புவது என்று முடிவெடுக்கும் ஒரு முறை) பற்றிப் படித்து முடித்த ஜோரில் இருந்தேன். சர்வரின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அமைப்பில் இரண்டே வரி மாற்றினேன், அதே வேலையைச் செய்துவந்த கியூபிக் போய் பிபிஆர் வந்தது. அன்று முழுக்க கிராஃபையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டவுன்லோடுக்கு ஆகும் நேரத்தின் கோடு கொஞ்சம் இறங்கியது, அப்லோட் கோடு அசையவே இல்லை. சாயங்காலம் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "அப்லோட்ல அனுப்புறது யாரு?" என்று கேட்டார். அவ்வளவுதான், அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அனுப்புவது போன். எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று முடிவு செய்வது அனுப்புகிறவன் பக்கத்து டிசிபி, அதாவது டேட்டாவைக் கொண்டு சேர்க்கும் நெறிமுறை. சர்வரில் நான் மாற்றியது சர்வர் அனுப்பும் டேட்டாவுக்கு மட்டும்தான். போனுக்குள் இருக்கும் கெர்னல் தன் பாட்டுக்குத் தன் பழைய வழியில் போய்க்கொண்டிருந்தது, அதை என் ஆப்பிலிருந்து மாற்றவும் முடியாது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மொபைல் நெட்வொர்க்கில் டேட்டா வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று உட்காரும்போது முன்னால் இருக்கும் வழிகள் நிறைய: நான் செய்த மாதிரி சர்வரில் நெரிசல் கட்டுப்பாட்டை மாற்றலாம், டிசிபியை விட்டு குவிக் என்ற வேறு நெறிமுறைக்குப் போகலாம், அனுப்புவதையே குறைக்கலாம், துண்டு துண்டாக அனுப்பி விட்ட இடத்திலிருந்து தொடரலாம், பயனருக்குப் பக்கத்தில் ஒரு எட்ஜ் சர்வரை நிறுத்தலாம், ஒரே நேரத்தில் வைஃபையும் மொபைல் டேட்டாவும் சேர்த்து ஓட்டலாம். எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றும் தீர்க்கும் நோய் வேறு, நமக்கு என்ன நோய் என்று தெரியாமல் மருந்து வாங்கினால் என் கதைதான்.

முதலில் நோய்

டிசிபியின் நெரிசல் கட்டுப்பாடு பிறந்த காலத்தில் மொபைல் டேட்டா கிடையாது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, கூப்பிடு தூரத்தில், வினாடிக்கு 32 ஆயிரம் பிட் போன இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. வேன் ஜேக்கப்சன் அதைப் பார்த்துவிட்டு 1988ல் எழுதியதுதான் இன்றைக்கும் அடித்தளம். அதன் அடிப்படை எண்ணம் எளிது: டேட்டாப் பொட்டலம் ஒன்று, அதாவது பாக்கெட், தொலைந்தால் வழியில் நெரிசல், உடனே வேகத்தைக் குறை. கம்பியில் இது பெரும்பாலும் சரி. காற்றில் பாக்கெட் தொலைவதற்கு நெரிசல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை, நீங்கள் ஒரு சுவருக்குப் பின்னால் போனாலே போதும்.

இதன் விலை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கியூபிக்குக்கு முந்தைய ரீனோ வகை டிசிபிக்கு ஒரு சூத்திரம் உண்டு: பாக்கெட் அளவை, போய்வரும் நேரத்தால் வகுத்து, அதை 1.22ஆல் பெருக்கி, இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 1460 பைட் பாக்கெட், 100 மில்லிசெகண்ட், நூற்றுக்கு ஒன்று இழப்பு. வருவது வினாடிக்கு சுமார் 1.4 மெகாபிட். உங்கள் டவர் 50 மெகாபிட் கொடுக்கத் தயாராக இருந்தாலும் அதே 1.4தான்.

ஆனால் இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது, பல பேர் இதைத் தவறவிடுகிறார்கள். 4ஜி, 5ஜி நெட்வொர்க்குகள் காற்றில் தொலைந்த பாக்கெட்டை டிசிபி கண்ணில் காட்டுவதே குறைவு. டவரும் போனும் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப அனுப்பி எப்படியோ சேர்த்துவிடும். இழப்பு தாமதமாக மாறிவிடுகிறது. அதோடு டவரில் ஒவ்வொரு பயனருக்கும் ஆழமான பஃபர், அதாவது பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் இடம், இருக்கிறது. பாக்கெட் தொலையாததால் கியூபிக் "எல்லாம் நன்றாகப் போகிறது" என்று நினைத்து அந்த பஃபரை நிரப்பிக்கொண்டே போகும். ஒரு பெரிய வீடியோவை டவுன்லோட் போட்டுவிட்டு பக்கத்திலேயே பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் கருவி) ஓட்டிப் பாருங்கள், 50 மில்லிசெகண்டில் இருந்தது அரை நொடி, ஒரு நொடி என்று ஏறுவதைப் பல இடங்களில் நீங்களே பார்க்கலாம். இதைத்தான் பஃபர்ப்ளோட் என்கிறார்கள்.

அப்புறம் ரேடியோ தூங்கும் சமாச்சாரம். கொஞ்ச நேரம் டேட்டா போகாவிட்டால், எல்டிஇ-யில் (4ஜி) பெரும்பாலும் பத்து நொடி கணக்கில், நெட்வொர்க் போனை ஓய்வு நிலைக்குத் தள்ளிவிடும். அடுத்த பாக்கெட்டுக்கு மறுபடி எழுப்ப வேண்டும், அதற்கு நூறு மில்லிசெகண்ட் வாக்கில் ஆகலாம், பழைய 3ஜியில் ஒரு நொடியைத் தாண்டும். இது எந்த டிசிபி மாற்றத்தாலும் போகாது.

ஆக, கேட்க வேண்டிய முதல் கேள்வி: உங்கள் ஆப் அனுப்புவது சின்னச் சின்ன கோரிக்கைகளா, பெரிய ஃபைலா? எந்தத் திசையில்?

சின்னதாக இருந்தால் மெகாபிட் கணக்கே தேவையில்லை, எத்தனை தடவை போய்வருகிறது என்பதுதான் கணக்கு. போய்வரும் நேரம் 80 மில்லிசெகண்ட், 100 கேபி பதில் ஒன்று வர வேண்டும் என்று வையுங்கள். இணைப்பைத் தொடங்கும் டிசிபி ஹேண்ட்ஷேக்குக்கு ஒரு முறை, அதை ரகசியமாக்கும் டிஎல்எஸ் 1.2 என்றால் இன்னும் இரண்டு, ஆக 240 மில்லிசெகண்ட் போன பிறகுதான் கோரிக்கையே கிளம்புகிறது. டிசிபி எப்போதும் சிறிதாகத் தொடங்கித்தான் ஏறும்: பதில் முதல் சுற்றில் 10 பாக்கெட், அதாவது 14 கேபி சொச்சம், அடுத்து அதன் இரு மடங்கு, அடுத்து நான்கு மடங்கு. மூன்றாவது சுற்றில்தான் 100 கேபி முடிகிறது, இன்னொரு 240. மொத்தம் 480 மில்லிசெகண்ட், இதில் வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற பேச்சே வரவில்லை பாருங்கள். பதிலை 40 கேபியாகச் சுருக்கினால் ஒரு சுற்று மிச்சம், டிஎல்எஸ் 1.3க்குப் போனாலும் ஒரு சுற்று மிச்சம், ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பையே மறுபடி பயன்படுத்தினால் மூன்று சுற்று மிச்சம். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு பைசா செலவில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய எச்டிடிபி க்ளையன்ட் ஒன்றை, அதனால் புதிய இணைப்பை, உருவாக்கும் நிரலை நான் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறேன் தெரியுமா. நிரல் எழுதியவரைக் கேட்டால் "சுத்தமா இருக்கட்டும்னு" என்பார்.

இணைப்பைத் திறந்து வைத்தாலும் லினக்ஸ் சர்வரில் ஒரு பொறி இருக்கிறது: கொஞ்ச நேரம் சும்மா இருந்த இணைப்பின் விண்டோவை (ஒரு சுற்றில் அனுப்பும் அளவை) அது பழைய சிறிய அளவுக்கே இறக்கிவிடும், மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். கெர்னலில் இதை அணைக்க ஒரு அமைப்பு உண்டு. மொபைல் பயனர்கள் விட்டு விட்டுத்தான் தட்டுவார்கள் என்பதால் இதை அணைத்துப் பார்ப்பது நல்லது.

பிபிஆரா, குவிக்கா?

சண்டை நடப்பது பெரும்பாலும் இங்கேதான், ஆனால் இரண்டும் ஒரே தளத்தில் நிற்பவையே இல்லை. பிபிஆர் என்பது எவ்வளவு வேகமாக அனுப்புவது என்ற முடிவெடுக்கும் முறை. குவிக் என்பது முழுப் போக்குவரத்து நெறிமுறை, அதற்குள் கியூபிக்கையும் வைக்கலாம், பிபிஆரையும் வைக்கலாம்.

பிபிஆர் 2016ல் கூகுளிலிருந்து வந்தது, அந்த வருடக் கடைசியில் லினக்ஸ் 4.9ல் சேர்ந்தது. எழுதியவர்களில் அதே வேன் ஜேக்கப்சனும் ஒருவர், தான் கட்டிய வீட்டைத் தானே இடித்துக் கட்டினார் என்று சொல்லலாம். பாக்கெட் தொலைவதை அது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வழியின் குறுகலான இடத்தில் எவ்வளவு போகிறது, வரிசையே இல்லாதபோது போய்வர எவ்வளவு நேரம் என்று இரண்டை அளந்துகொண்டு, அந்த அளவுக்குத் தகுந்தபடி பாக்கெட்டுகளை இடைவெளி விட்டு அனுப்பும். ஆழமான பஃபர் இருக்கும் மொபைல் வழிக்கு இது பொருந்துகிறது, வரிசை கியூபிக் அளவுக்கு ஊதாது. அங்கங்கே இழப்பு இருக்கும் வழியிலும் கியூபிக் மாதிரி முடங்கிப் போகாது. நிறுவச் செலவு? பத்து நிமிடம். பிடிக்கவில்லை என்றால் திருப்பிப் போட இன்னொரு பத்து நிமிடம்.

குறையும் உண்டு. முதல் பதிப்பு, பஃபர் சிறிதாக இருக்கும் இடத்தில் பக்கத்தில் ஓடும் கியூபிக் இணைப்புகளை ஓரங்கட்டிவிடும், தானும் நிறைய பாக்கெட்டுகளைத் தொலைக்கும். மொபைலில் வேகம் சட்டென்று பாதியாகும்போது அதன் மதிப்பீடு கொஞ்ச நேரம் பழைய வேகத்தையே நம்பிக்கொண்டிருக்கும், அந்த இடைவெளியில் வரிசை சேரும். இதெல்லாம் தெரிந்தும், பெரிய டவுன்லோடோ வீடியோவோ கொடுக்கும் சர்வர் என்றால் நான் பிபிஆரைப் போட்டுத்தான் பார்ப்பேன். அப்லோட் ஆப் என்றால் அது உங்களுக்கு ஒன்றும் செய்யாது.

குவிக் கதை வேறு. கூகுள் 2013ல் வெளியே சொன்னது, 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 என்ற இணையத் தரநிலை ஆனது, அதன் மேல் ஓடும் வெப் நெறிமுறையான எச்டிடிபி/3 அடுத்த வருடம் ஜூனில் வந்தது. டிசிபிக்குப் பதில் அதைவிட எளிய யுடிபி மேல் ஓடுகிறது, டிஎல்எஸ் 1.3 உள்ளேயே இருக்கிறது, அதனால் ஹேண்ட்ஷேக் ஒரே சுற்றில் முடிகிறது, முன்பே பேசிய சர்வர் என்றால் முதல் பாக்கெட்டிலேயே கோரிக்கையை அனுப்பலாம். அப்படி அனுப்புவதை யாராவது பிடித்து மறுபடி அனுப்ப முடியும் என்பதால், இரண்டு தடவை நடந்தால் வம்பாகிவிடும் வேலைகளை, பணம் அனுப்புவது மாதிரி, அந்த வழியில் விடாதீர்கள்.

மொபைலுக்கு முக்கியமான விஷயம் இணைப்பு அடையாள எண். டிசிபி இணைப்பு என்பது இரண்டு பக்கத்து ஐபி, போர்ட் நான்கும் சேர்ந்தது. வாசலைத் தாண்டும்போது போன் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறது, ஐபி மாறுகிறது, இணைப்பு செத்தது. அதைவிட மோசம், செத்தது ஆப்புக்கு உடனே தெரியாது, டைம்அவுட் வரும்வரை வட்டம் சுற்றும். குவிக்கில் ஐபி மாறினாலும் அந்த எண்ணை வைத்து "நான்தான்" என்று தொடரலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் சர்வர்களுக்கு முன்னால் நிற்கும் லோட் பேலன்ஸர் பழைய பழக்கத்தில் ஐபி-போர்ட்டைப் பார்த்துப் பிரித்து அனுப்பினால், இடம் மாறிய பாக்கெட் வேறு சர்வருக்குப் போய் "நீ யார்" என்று கேட்கப்பட்டு நின்றுவிடும். போன் பக்கம் சில லைப்ரரிகளில் இந்த வசதியைத் தனியே இயக்கவும் வேண்டும். ஆகவே குவிக் போட்டதாலேயே இது கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், வைஃபையை அணைத்துப் பார்த்துச் சோதியுங்கள்.

குவிக்கின் இன்னொரு லாபத்தை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது: அது கெர்னலுக்குள் இல்லை, ஆப்போடு வருகிறது. அதாவது அப்லோட் பக்கத்து நெரிசல் கட்டுப்பாட்டை முதல் தடவையாக ஆப் எழுதுகிறவர் தொட முடிகிறது, லைப்ரரி அனுமதித்தால். நான் சர்வரில் தேடியது இங்கேதான் இருந்தது.

செலவு? சிபியு கொஞ்சம் கூடும். சில நெட்வொர்க்குகள் யுடிபியை அடைத்து வைத்திருக்கும் என்பதால் டிசிபி வழியையும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும், இரண்டையும் கவனிக்க வேண்டும். முதல் முறை வரும் பயனர் பல சமயம் டிசிபி வழியாகவே வந்து, "எனக்கு எச்டிடிபி/3 தெரியும்" என்று சர்வர் சொன்ன பிறகுதான் மாறுவார். ஒரு பாக்கெட் தொலைந்தால் அதே இணைப்பில் ஓடும் மற்ற ஸ்ட்ரீம்கள் காத்திருக்க வேண்டாம் என்ற பிரபலமான நன்மை, இழப்பை ரேடியோவே மறைத்துவிடும் நெட்வொர்க்கில் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குத் தெரியாது. சிடிஎன் (பயனர்களுக்குப் பக்கத்தில் சர்வர்களைப் பரப்பி வைக்கும் சேவை) வழியாக ஓடும் தளம் என்றால் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், தட்டிவிடுங்கள். சொந்தமாக நிறுவி, ஆப்புக்குள்ளும் லைப்ரரி சேர்ப்பதென்றால் வாரக் கணக்கில் வேலை.

அனுப்பாத பைட்தான் வேகமான பைட்

இது பழைய சங்கதி, ஆனால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதில்தான் எனக்கு லாபம் கிடைத்தது. 12 மெகாபிக்சல் போட்டோ 4000க்கு 3000. எங்கள் அலுவலகத் திரையில் அதைப் பார்ப்பவர் 1600 பிக்சல் அகலத்துக்கு மேல் பார்ப்பதே இல்லை. போனிலேயே 1600க்கு 1200 ஆக்கிவிட்டால் பிக்சல் எண்ணிக்கை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். இதற்கு ஈடாக எந்த நெறிமுறையும் ஆறு மடங்கு வேகம் கொடுக்கப் போவதில்லை. ஜேசான் மாதிரி எழுத்து டேட்டாவுக்கு ஜிசிப்போ ப்ராட்லியோ போடுங்கள், நன்றாகச் சுருங்கும். ஜேபெக்கையும் வீடியோவையும் மறுபடி ஜிசிப் செய்ய வேண்டாம், ஏற்கெனவே பிழிந்த சக்கை அது, பேட்டரிதான் போகும்.

குறைப்பதில் எண்ணிக்கையும் சேர்த்தி. பதினைந்து நொடிக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு சிறு செய்தி அனுப்பும் ஆப், ரேடியோவைத் தூங்கவிடாமல் வைக்கும், அல்லது ஒவ்வொரு முறையும் எழுப்பும். சேர்த்து வைத்து, வேறு வேலைக்காக ரேடியோ விழித்திருக்கும்போது கூடவே அனுப்பிவிடலாம்.

அதனோடு சேர்ந்தது துண்டு போட்டு அனுப்புவது. 6 எம்பி ஃபைல், அப்லோட் வேகம் வினாடிக்கு 1 மெகாபிட், ஆக 48 நொடி. 48 நொடியில் ஒருவர் லிஃப்டில் ஏறி இறங்கிவிடுவார். 45வது நொடியில் இணைப்பு அறுந்தால், ஒரே கோரிக்கையாக அனுப்பும் ஆப் முதலிலிருந்து தொடங்கும், அடுத்த முறையும் அப்படியே ஆகலாம், அதைத்தான் பயனர் "போகவே மாட்டேங்குது" என்கிறார். 256 கேபி துண்டு என்றால் ஒவ்வொன்றும் சுமார் 2 நொடி, அறுந்தாலும் நட்டம் 2 நொடிதான். ஒவ்வொரு துண்டுக்கும் சர்வர் பதிலுக்குக் காத்திருக்கும் 100 மில்லிசெகண்ட் என்பது நூற்றுக்கு ஐந்து, தாங்கலாம். துண்டை 16 கேபியாக்கினால் காத்திருப்பதே கிட்டத்தட்ட பாதி நேரமாகிவிடும், அதிலும் அளவு வேண்டும்.

இதில் நாங்கள் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு போயிருக்கிறது என்பதை முதலில் போனில் குறித்து வைத்தோம். தப்பு. தொடரும்போது சர்வரைக் கேட்க வேண்டும், "உன்னிடம் எத்தனை பைட் இருக்கிறது" என்று, ஏனென்றால் துண்டு போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். கடைசித் துண்டின் பதில் தொலைந்தபோது ஒரே போட்டோ இரண்டு தடவை ஏறியது, பிறகு ஒவ்வொரு போட்டோவுக்கும் போனிலேயே ஒரு அடையாளம் கொடுத்துத்தான் தீர்த்தோம். டஸ் என்று திறந்த நெறிமுறை ஒன்று இதற்கென்றே இருக்கிறது, புதிதாகத் தொடங்குபவர்கள் சக்கரத்தை மறுபடி செய்ய வேண்டாம்.

நடுவில் ஆள் வைப்பது, இரண்டு வழியாகப் போவது

நடுவில் ஒரு ப்ராக்ஸியை (இடைத்தரகு சர்வரை) வைத்து டிசிபியை இரண்டாக வெட்டும் யோசனை 1995லேயே ஆய்வுக் கட்டுரைகளில் வந்துவிட்டது, காற்றுப் பகுதியின் தொல்லை கம்பிப் பகுதியைத் தொடாமல் இருக்கட்டும் என்று. மொபைல் நிறுவனங்கள் தங்கள் பக்கம் இப்படி வைப்பது நம் கையில் இல்லை, குவிக் பாக்கெட்டை அவர்களால் பிரிக்கவும் முடியாது. நம் கையில் இருப்பது சிடிஎன் எட்ஜ். இணைப்பு பயனருக்குப் பக்கத்திலேயே முடிகிறது, அங்கிருந்து நம் சர்வருக்கு ஏற்கெனவே சூடான இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன சூத்திரத்தில் போய்வரும் நேரம் வகுக்கும் பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள்: 100 மில்லிசெகண்ட் 40 ஆனால் அதே இழப்பில் வேகம் இரண்டரை மடங்கு. அப்லோடுக்கும் இது உதவும், போனின் கெர்னலைத் தொடாமலே. உங்கள் பயனர்கள் சர்வர் இருக்கும் ஊரிலேயே இருந்தால் லாபம் சொற்பம், ரேடியோ பகுதி எடுக்கும் சில பத்து மில்லிசெகண்டை எந்த எட்ஜும் குறைக்காது.

வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் ஒரே இணைப்பை ஓட்டும் மல்டிபாத் டிசிபி அழகான யோசனை. ஆப்பிள் 2013லேயே ஐஓஎஸ் 7ல் சிரிக்கு அதைப் பயன்படுத்தியது. 2020ல் ஆர்எஃப்சி 8684 ஆனது, லினக்ஸ் 5.6லும் அதே வருடம் வந்தது. ஆனால் இரண்டு முனையும் ஆதரிக்க வேண்டும், நடுவில் இருப்பவை குழப்பாமல் இருக்க வேண்டும், வைஃபையில் இருப்பதாக நினைக்கும் பயனரின் மொபைல் டேட்டா கரையும். பேச்சு, அழைப்பு மாதிரி ஒரு நொடி நிற்கக் கூடாத ஆப் என்றால் யோசிக்கலாம். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

சரி, என் வரிசை

சின்னக் கோரிக்கைகள் நிறைந்த ஆப்: இணைப்பை மறுபடி பயன்படுத்துவது, டிஎல்எஸ் 1.3, பதிலைச் சுருக்குவது, அப்புறம் சிடிஎன் வழியாக எச்டிடிபி/3. பெரிய டவுன்லோட்: பிபிஆர், எட்ஜ், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி. அப்லோட்: போனிலேயே சிறிதாக்கு, துண்டு போடு, எட்ஜ் வை, அதன் பிறகும் போதாவிட்டால்தான் குவிக் லைப்ரரி. நகர்ந்துகொண்டே பயன்படுத்தும் ஆப் என்றால் குவிக்கை இரண்டு படி மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்.

எதைச் செய்தாலும் சராசரியைப் பார்க்காதீர்கள், மெதுவான ஐந்து சதவீதத்தைப் பாருங்கள், புகார் எழுதுவது அவர்கள்தான். மேஜையில் உட்கார்ந்து "நூற்றுக்கு ஒன்று இழப்பு" என்று செயற்கையாகப் போட்டுச் சோதித்தால் பிபிஆரும் குவிக்கும் அற்புதமாகத் தெரியும். நிஜ மொபைல் வழியில் இழப்பு அப்படி உதிரியாக வருவதில்லை, மூன்று நொடி மொத்தமாக நின்றுவிட்டுப் பிறகு ஒரேயடியாகக் கொட்டும். போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கி நடந்தாலே மேஜைச் சோதனையைவிட அதிகம் தெரியும்.

எங்கள் ஆப்பில் கடைசியில் சிறிதாக்குவதும் துண்டு போடுவதும்தான் புகாரை நிறுத்தின, குவிக் வரை போகவே இல்லை. அந்த இரண்டு வரி பிபிஆர் இன்னும் சர்வரில் இருக்கிறது, டவுன்லோடுக்கு உதவுகிறது என்பதால் எடுக்கவில்லை. அப்லோட் கிராஃபைத் திறக்கும்போதெல்லாம் தோளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.